சும்மா இருப்பவனின் கார்

எங்கள் பக்கத்தில் பேர் கேட்பதற்கு முன்பே கேட்டுவிடுவது, "என்ன சோலி பாக்கிய?" என்பதைத்தான். பெண் பார்க்கப் போன வீட்டிலும் கேட்பார்கள், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரும் கேட்பார். 2023 டிசம்பர் கடைசியில், சேறு காயாத எங்கள் முற்றத்தில் நின்றுகொண்டு இன்சூரன்ஸ் சர்வேயர் ஒருவர் எங்கள் தம்பியிடம் அதையே கேட்டார்.

தம்பி 2020-இல் சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை இழந்து, தவணை முடிந்திருந்த காரோடு திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தவன். முதலில் அத்தையைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். பிறகு அத்தைக்குத் தெரிந்தவர்களை. அப்புறம் வைகாசியில் நவதிருப்பதி, மார்கழியில் பாபநாசம் தொடங்கி சேர்ந்தபூமங்கலம் வரை நவகைலாயம் என்று ஆற்றின் இரு கரைகளிலும் அவன் வண்டி ஓடத் தொடங்கியது. அவன் டாக்ஸி ஓட்டுகிறான் என்று நாங்கள் யாரும் சொல்லிக்கொண்டதில்லை. "தம்பிகிட்ட வண்டி இருக்கு, பெட்ரோலுக்குக் குடுத்தா வருவான்" என்போம். சொல்லும்போதே ஒரு கௌரவம் காப்பாற்றப்படுவதாக நினைத்துக்கொண்டோம் போலும்.

நம் நாட்டில் ஒருவர் வேலையில் இருக்கிறாரா இல்லையா என்பதற்காகக் கார் இன்சூரன்ஸ் பிரீமியம் பொதுவாக ஏறி இறங்குவதில்லை. மூன்றாம் நபர் காப்பீட்டுத் தொகையை அரசு நிர்ணயிக்கிறது. எஞ்சினின் கொள்ளளவுதான் அதற்குக் கணக்கு. வண்டிக்கு நேரும் சேதத்துக்கான பகுதி வண்டியின் மதிப்பையும் வயதையும் ஊரையும் பார்ப்பது. சென்னை, மும்பை முதலிய எட்டுப் பெருநகரங்கள் ஒரு மண்டலம், நாங்களெல்லாம் மற்றொரு மண்டலம். 2007-இல் விகிதக் கட்டுப்பாடு தளர்ந்த பிறகு மருத்துவர், அரசு ஊழியர் என்று பார்த்துச் சில கம்பெனிகள் தள்ளுபடி கொடுத்ததுண்டு. சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருந்தால் அவருக்காக ஐம்பது ரூபாய் சேரும். மனிதனின் உத்தியோகத்துக்கு இவ்வளவுதான் விலை.

ஆனால் வண்டியின் உத்தியோகம் அப்படியல்ல. 2022 ஜூனில் மத்திய அரசு நிர்ணயித்தபடி, தம்பியின் 1200 சிசி கார் வெள்ளைப் பலகையோடு 'ஓன் போர்டு' வண்டியாக நின்றால் மூன்றாம் நபர் பிரீமியம் 3,416 ரூபாய். அதே கார் மஞ்சள் பலகை மாட்டி 'டி போர்டு' ஆனால் 7,940 ரூபாயும், பயணி ஒருவருக்கு 978 வீதமும். நால்வருக்குக் கூட்டினால் 11,852. வரி தனி. பெர்மிட்டும் தகுதிச் சான்றும் அதற்கு மேல். வேலை போனவன், தன்னிடம் மிஞ்சிய ஒரே பொருளைக் கொண்டு பிழைக்க முனைந்தால் மூன்றரை மடங்கு கட்டவேண்டும். நாள் முழுக்கச் சாலையில் கிடக்கும் வண்டிக்கு விபத்தின் வாய்ப்பும் அதிகம் என்பது நியாயம்தான். மாதம் நான்கு சவாரி கிடைப்பவனுக்கும் அதே நியாயம்தானா என்பதை நாங்கள் அடிக்கடி விவாதித்ததுண்டு. விவாதத்தின் முடிவில் வெள்ளைப் பலகை அப்படியே இருக்கும்.

டிசம்பர் 17, மார்கழி பிறந்த ஞாயிறு. நவகைலாயத்துக்கு ஒரு குடும்பம் சொல்லிவைத்திருந்தது. விடாத மழையைப் பார்த்து அவர்களே வேண்டாமென்றுவிட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது என்பதைப் பிறகுதான் படித்தோம். தாமிரபரணி அன்றிரவு சந்திப்புப் பகுதிக்குள் புகுந்தபோது கார் எங்கள் தெருவில் நின்றது. விடிந்து பார்க்கையில் அதன் கூரை மட்டும் தெரிந்தது. தண்ணீர் வடிந்த பின்பும் தம்பி சாவியைத் திருகவில்லை. திருகியிருந்தால் எஞ்சின் கணக்கில் வேறொரு தகராறு கிளம்பியிருக்கும்.

சர்வேயர் கண்ணியமான மனிதர். படங்கள் எடுத்தார், பின்னிருக்கையில் ஊறிக் கிடந்த திருநீற்றுப் பொட்டலங்களைக் குனிந்து பார்த்தார். பிறகுதான் அந்தக் கேள்வி. பாலிசியில் வாடகைக்கு ஓட்டக்கூடாதென்ற நிபந்தனை இருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மூன்று வருடங்களாக எந்தச் சொல்லுக்கு அஞ்சிக் கல்யாண வீடுகளுக்கே வராமல் இருந்தானோ, அந்தச் சொல்லைத் தம்பி தலை நிமிர்ந்து சொன்னான்: "சும்மாதான் இருக்கேன் சார்."

நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்த வாரம் லண்டனிலிருந்து சித்தப்பா மகன் நலம் விசாரித்தான். அவனுக்கு இதைக் கேட்டுச் சிரிப்பு. அங்கே விண்ணப்பத்தில் தொழிலைக் கேட்டே தீருவார்கள். அதை வைத்தே தொகை மாறும். சமையற்காரர் என்று எழுதினால் ஒன்று, சமையற்கூடப் பணியாளர் என்று எழுதினால் இன்னொன்று. வேலையில்லை என்று எழுதியவர்க்குப் பெரும்பாலும் கூடும். வேலை போன வருடம் அவனுக்கும் ஏறத்தான் செய்தது. பொய் எழுதினால் இழப்பீடே போய்விடலாம் என்று உண்மையை எழுதிக் கூடுதலாகக் கட்டியிருக்கிறான். வேலையில்லை என்ற சொல் அவனுக்குச் செலவு வைத்தது, தம்பிக்குக் காப்பாயிற்று.

கழிவு போகப் பணம் வந்தது. வந்த பிறகு ஒரு வக்கீல் நண்பர் சொன்னதுதான் எங்களை உறுத்தியது. வெள்ளத்தில் நின்ற வண்டி அந்நேரம் வாடகைக்கு ஓடவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தாலும் வாதாட இடமிருந்தது. தனியார் வாகனம் வாடகைக்குப் போனதென்றாலும் கோரிக்கையை முற்றாக நிராகரிக்கக்கூடாது, ஒரு பகுதியாவது தரவேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறதாம். அப்படியானால் அந்தப் பொய்கூட அவசியப்பட்டிருக்காது. தம்பி இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தான்.

மறு வருடம் அவன் காரை டி போர்டுக்கு மாற்றினான். முதல் பிரீமியத்தின் கூடுதலை நாங்கள் பகிர்ந்து கட்டினோம். விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் டிரைவர் என்று அவனே எழுதினான். அம்மா மட்டும், உறவுக்காரர் வீட்டு விசேஷங்களுக்குப் போகும்போது தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி நடந்து போகிறாள்.