தெரிந்த வார்த்தைதான்... ஆனா அர்த்தம் வேற!

'டேபிள்' என்றால் என்ன? எல்.கே.ஜி குழந்தைகூட 'மேஜை' என்று சொல்லிவிடும். ஆனால், 'மினிஸ்டர் டேபிள்டு தி பில்' என்று வங்கித் தேர்வில் வந்தால்? அமைச்சர் ஹோட்டல் பில்லை மேஜையில் வைக்கவில்லை. சபையில் மசோதாவைத் தாக்கல் செய்திருக்கிறார்!

என் சித்தி மகளுக்குப் பகலில் நகைக்கடையில் கேஷ் கவுன்ட்டர் வேலை. இரவில் வங்கித் தேர்வுக்குப் படிப்பு. பள்ளியில் தமிழ் மீடியம். ஐ.பி.பி.எஸ் கிளார்க் முதல்நிலைத் தேர்வில் கணக்கையும் ரீசனிங்கையும் தமிழிலேயே எழுதலாம். ஆங்கிலப் பகுதிக்கு மட்டும் அந்த வழி இல்லை. 20 நிமிடம், 30 கேள்விகள். தப்பாக டிக் அடித்தால் கால் மதிப்பெண் போய்விடும். மற்ற இரண்டிலும் எவ்வளவு அள்ளினாலும், ஆங்கிலத்தில் கட் ஆஃப் தாண்டாவிட்டால் அவ்வளவுதான். போன முறை அவள் நின்றது அங்கேதான்.

இத்தனைக்கும் கஷ்டமான வார்த்தைகளை நோட்டுப் போட்டு மனப்பாடம் செய்திருந்தாள். காலை வாரியவை சுலபமான வார்த்தைகள். தெரியாத வார்த்தை என்றால் யோசிப்போம், இல்லையென்றால் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவோம். தெரிந்த வார்த்தையை யார் சந்தேகப்படுகிறோம்?

டிஜிட்டல் டெஸ்க்கில் எனக்கு தினமும் இந்த வார்த்தைகளோடுதான் பிழைப்பு. 'மூவ்டு தி ஹைகோர்ட்' என்று ஏஜென்சி செய்தி வரும். கோர்ட்டை யாரும் நகர்த்தவில்லை. உயர் நீதிமன்றத்தை நாடியிருக்கிறார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குப் போனில் பத்து வார்த்தை சொல்லித்தருவது என்று முடிவானது.

முதல் வாரம் 'இன்ட்ரஸ்ட்' என்று ஆரம்பித்தேன். ஆர்வம் என்ற அர்த்தம் தவிர வேறென்ன என்று கேட்டதும் சிரித்தாள். "அக்கா, வட்டின்னு எங்கம்மாவுக்கே தெரியும். மகளிர் குழு லோன் கட்டுறாங்கள்ல?"

அவள் சொன்னதில் எனக்கும் ஒரு வழி கிடைத்தது. இந்த 'அபூர்வ' அர்த்தங்களில் பாதி ஏற்கெனவே நம் வீட்டுக்குள் புழங்குகின்றன. ஸ்கூலில் 'பிரின்சிபல்' என்றால் தலைமை ஆசிரியர், வங்கியில் அசல். ஊருக்குப் போனால் லாட்ஜில் 'ஸ்டே', நிலத் தகராறு என்றால் கோர்ட்டில் 'ஸ்டே'. போலீஸ் செய்தால் 'அரெஸ்ட்' கைது. ஆஸ்பத்திரியில் 'கார்டியாக் அரெஸ்ட்' என்றால் இதயத்துடிப்பு நின்றுபோவது. 'நிறுத்துவது' என்பதுதான் அந்த வார்த்தையின் வேர். அது புரிந்துவிட்டால், 'நோய் பரவலை அரெஸ்ட் செய்தார்கள்' என்று கேள்வியில் வந்தாலும் தடுமாற மாட்டோம்.

'சாங்ஷன்' இன்னும் வேடிக்கை. லோன் சாங்ஷன் ஆனால் வீட்டில் சந்தோஷம். ஒரு நாட்டின் மேல் சாங்ஷன் போட்டால் அது பொருளாதாரத் தடை. அனுமதிக்கும் அதே வார்த்தை, தண்டனைக்கும் அதே வார்த்தை!

இப்போது அவள் நோட்டில் ஏ, பி, சி வரிசை கிடையாது. வங்கி, கோர்ட், ஆஸ்பத்திரி, சட்டசபை என்று தனித்தனிப் பக்கங்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் பக்கத்தில் செய்தியில் வந்த ஒரு முழு வாக்கியம். கேள்வியைப் பார்த்ததும், 'இது எந்த இடத்துப் பேச்சு?' என்று முதலில் கேட்டுக்கொள்கிறாள். அர்த்தம் தானாக வந்துவிடுகிறதாம்.

தமிழை நாம் அப்படித்தானே கற்றோம்? 'படி' என்றால் வாசி. மாடிக்கும் படி, அரிசி அளக்கவும் படி, சம்பளத்தில் பஞ்சப்படி. யாரும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவில்லை. எந்த இடத்தில் எது என்று கேட்டுக் கேட்டே பழகிவிட்டது.

அடுத்த தேர்வுக்கு அவள் விண்ணப்பித்துவிட்டாள். நேற்று இரவு கடை அடைத்த பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி: "அக்கா, 'ஓவர்சைட்'டுக்குக் கண்காணிப்புன்னும் போட்டிருக்கு, கவனக்குறைவுன்னும் போட்டிருக்கு. எந்தப் பக்கத்துல எழுதுறது?"

"ஆபீஸ்னு புதுசா ஒரு பக்கம் போட்டுக்கோ" என்று பதில் அனுப்பினேன்.