கியோட்டோவில் மறுபடியும் ஒண்ணாங்கிளாஸ்

கியோட்டோவில் வீதிகளுக்குப் பெயர் வைத்தவர் நிச்சயமாகக் கவிஞர் இல்லை. கணக்கு வாத்தியாராகத்தான் இருக்க வேண்டும். 794-ம் வருஷம் அதைத் தலைநகரமாகத் திட்டம் போட்டுக் கட்டியபோது, கிழக்கு மேற்காக ஓடும் பெரிய வீதிகளுக்கு வடக்கிலிருந்து வரிசையாக நம்பர் கொடுத்துவிட்டார்கள். இச்சிஜோ, நிஜோ, சன்ஜோ, ஷிஜோ, கோஜோ... இப்படியே குஜோ வரை. ஒண்ணாம் வீதி, ரெண்டாம் வீதி, மூணாம் வீதி... அவ்வளவுதான். தலைவர் பெயர், தலைவரின் மாமனார் பெயர் என்ற வம்பே இல்லை.

அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழி அரிச்சுவடி வகுப்பில் சேருகிறவர்களுக்கு இதனால் ஒரு பெரிய வசதி. காலையில் வகுப்பில் ஒன்று, இரண்டு படித்துவிட்டு, சாயங்காலம் பஸ் ஏறினால் ஊரே வாய்ப்பாடு ஒப்பிக்கிறது.

பல்கலைக்கழகம் 1897-ல் ஆரம்பித்தது. 1925-ல் கட்டிய மணிக்கூண்டுக் கட்டடம்தான் அதன் அடையாளம். பக்கத்து நாற்சந்திக்குப் பெயர் ஹ்யாகுமன்பென். 'ஹ்யாகு' என்றால் நூறு, 'மன்' என்றால் பத்தாயிரம், 'பென்' என்றால் தடவை. நூறு பத்தாயிரம், அதாவது நம்ம கணக்கில் பத்து லட்சம் தடவை! 1331-ல் ஊரில் கொள்ளை நோய் பரவியபோது, அரசர் சொல்லி, அங்கே உள்ள கோயில் குரு ஏழே நாளில் பத்து லட்சம் தடவை புத்தர் நாமத்தை ஜபித்தாராம். நோய் நின்றதாம். கோயிலுக்குக் கிடைத்த அந்தப் பட்டம் இன்று பஸ் ஸ்டாப்புக்குப் பெயராகிவிட்டது.

கிழக்கே நிமிர்ந்து பார்த்தால் ஒரு மலை. அதன் சரிவில் மரங்களை வெட்டி, பிரம்மாண்டமாக ஒரே ஒரு எழுத்து. ஒருத்தன் கையைக் காலை விரித்துக்கொண்டு நிற்கிற மாதிரி மூன்றே கோடு. 'பெரிய' என்று அர்த்தம். ஒவ்வொரு ஆகஸ்ட் 16-ம் தேதி ராத்திரியும் முன்னோர்களை வழியனுப்புவதற்காக அந்த எழுத்தின் மேல் தீ மூட்டுவார்கள். முதல் மாதம் படிக்கிற மாணவனுக்கு ஊரே கரும்பலகை என்றால் மிகையில்லை.

வகுப்புக்கு வருவோம். தொண்ணூறு நிமிஷம். இருபது பேர். சீனா, வியட்நாம், ஜெர்மனி, பிரேஸில், எகிப்து என்று ஐ.நா. சபை மாதிரி உட்கார்ந்திருக்கிறோம். சிலர் ஏற்கெனவே டாக்டர் பட்டம் வாங்கியவர்கள். லேபில் புற்றுநோய் செல்களோடு மல்லுக்கட்டுகிற மனிதர், இங்கே வந்து 'இது பேனா, அது குடை' என்று சத்தம் போட்டுப் படிக்கிறார். டீச்சரம்மாவுக்கு ஐம்பது வயசிருக்கும். எல்லாருக்கும் அவர் 'சென்செய்'. நம்ம ஊர் 'ஸார்' மாதிரி அது ஒரு சர்வரோக நிவாரணி. பேர் தெரியாவிட்டால்கூடப் பரவாயில்லை.

முதல் வேலை, அவரவர் பெயரை ஜப்பானிய எழுத்தில் எழுதுவது. அந்த மொழியில் ஒற்றெழுத்தில் ஒரு சொல் முடியவேண்டுமென்றால் 'ன்' ஒன்றுதான் வழி. மற்றதற்கெல்லாம் வாலில் ஒரு உயிரெழுத்தை ஒட்டவேண்டும். எனவே குமார், 'குமாரு' ஆகிறார். செல்வம், 'செருவமு' ஆகிறார். 'ல' கிடையாது, எல்லாம் 'ர'தான். பஸ், 'பாசு'. மில்க், 'மிருகு'. ஹோட்டல், 'ஹோதெரு'. ஜெர்மன்காரர் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். நமக்கென்ன? 'ஏய் குமாரு, காரு வந்துடுச்சா, பஸ்ஸு போயிடுச்சா?' என்று பிறந்ததிலிருந்து பேசுகிற ஜாதி நாம்!

அதேபோல குறில், நெடில். 'ஒபசான்' என்றால் அத்தை. 'ஒபாசான்' என்றால் பாட்டி. நாற்பது வயது அம்மணியிடம் நீட்டிவிட்டால் தொலைந்தோம். 'கிதே' என்றால் வந்து. 'கித்தே' என்றால் தபால் தலை. ஐரோப்பியர்கள் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். பாலுக்கும் பல்லுக்கும், பாட்டுக்கும் பட்டுக்கும் வித்தியாசம் தெரிந்தவனுக்கு இது ஜுஜுபி.

அப்புறம் வந்தது சுட்டு. 'கோரே' என்றால் என் பக்கத்தில் இருக்கும் இது. 'அரே' என்றால் தூரத்தில் இருக்கும் அது. 'தோரே' என்றால் எது. நடுவில் 'சோரே' என்று ஒன்று. எதிரே நிற்கிற உங்கள் கிட்டே இருப்பது. பிரேஸில்காரருக்கு இது ஆச்சரியமே இல்லை. போர்ச்சுகீஸிலும் மூன்று உண்டு. தமிழ்நாட்டுத் தமிழனுக்கு மட்டும் கொஞ்சம் இடிக்கும். இடிக்கவே கூடாது. இது, உது, அது, எது! அந்த 'உது' நம்மிடம் புத்தகத்தில் தூங்குகிறது. யாழ்ப்பாணத்தில் இன்றும் பேச்சில் இருக்கிறது. 'உதென்ன கையிலை?' என்று கேட்கிற யாழ்ப்பாணத்துக்காரருக்கு 'சோரே' சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்.

இதற்கு மேல் ஒரு சங்கதி இருக்கிறது. வருஷம் முடிவதற்குள் வினையெச்சம் நடத்துவார்கள். 'தபேதே' என்றால் சாப்பிட்டு. 'மிரு' என்றால் பார். ரெண்டையும் சேர்த்து 'தபேதே மிரு' என்றால்? சாப்பிட்டுப் பார்! 'கத்தே' என்றால் வாங்கி. 'ஓகு' என்றால் வை. 'கத்தே ஓகு': வாங்கி வை. 'மொத்தே' என்றால் கொண்டு, 'குரு' என்றால் வா. 'மொத்தே குரு': கொண்டு வா. ஜெர்மன்காரர், "சாப்பிடுவதை எதற்குக் கண்ணால் பார்க்க வேண்டும்?" என்று சென்செய்யிடம் நியாயமான சந்தேகம் கேட்டார். அவருக்கு விளக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று.

'எனக்குக் கொடு' என்பதற்கும் 'அவனுக்குக் கொடு' என்பதற்கும் ஜப்பானியத்தில் வேறு வேறு வினைச்சொல். வகுப்பே முனகியது. தொல்காப்பியம் புரட்டியவர்கள் முனகமாட்டார்கள். 'தா' என்பது தன்மைக்கும் முன்னிலைக்கும், 'கொடு' என்பது படர்க்கைக்கு என்று அங்கேயும் ஒரு விதி உண்டு. நாம்தான் மறந்துவிட்டு 'குடு, குடு' என்று எல்லாவற்றுக்கும் ஒரே போடு போடுகிறோம்.

அப்படியானால் ஜப்பானியனும் தமிழனும் அண்ணன் தம்பியா? அப்படிச் சொன்னவர் ஒருத்தர் இருந்தார். டோக்கியோ ககுஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ. 1980 வாக்கிலிருந்து நூற்றுக்கணக்கான சொற்களை வரிசைப்படுத்தி இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று வாதாடினார். 2008-ல் காலமானார். மொழியியல் அறிஞர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. வினை கடைசியில் வருவது, வேற்றுமை உருபு பின்னால் ஒட்டுவது எல்லாம் கொரிய மொழியிலும் துருக்கியிலும்கூட உண்டு. அதை வைத்து உறவு கொண்டாட முடியாது என்பது அவர்கள் கட்சி. நமக்கு எதற்குக் குடும்பச் சண்டை? தமிழில் யோசித்து வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் ஜப்பானிய வாக்கியம் பெரும்பாலும் சரியாக விழுகிறது. அந்த லாபம் போதும்.

சரி, தமிழனுக்குக் கஷ்டமே கிடையாதா? ஏன் இல்லை! 247 எழுத்து என்று நாம் மார்தட்டுவது அங்கே செல்லாது. ஹிரகானா 46, கதகானா 46 எல்லாம் வெறும் டிபன். சாப்பாடு, சீன எழுத்தான காஞ்சி. (நம்ம காஞ்சிபுரம் இல்லை.) அன்றாட உபயோகத்துக்கு என்று அரசாங்கப் பட்டியலில் இருப்பவை மட்டும் 2136. ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளே ஆறு வருஷத்தில் 1026 எழுத்து படிக்கிறார்கள். ஒரு மரம் போட்டால் மரம். ரெண்டு மரம் போட்டால் தோப்பு. மூணு மரம் போட்டால் காடு. மரத்தடியில் ஆள் நின்றால் ஓய்வு. இதுவரை சுகம். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் ரெண்டு மூணு உச்சரிப்பு என்று சொல்வார்கள். அப்போது நமக்கும் மரத்தடிக்குப் போகத் தோன்றும்.

சீன மாணவர்கள் மட்டும் மிதப்பாக இருந்தார்கள். அவர்களுக்கும் ஆப்பு இருந்தது. ஜப்பானியத்தில் 'படிப்பு' என்பதற்கு எழுதுகிற ரெண்டு எழுத்து, சீனத்தில் 'வேண்டா வெறுப்பாக' என்று அர்த்தம் தருமாம். எந்த நாட்டு மாணவனும் சீனா பக்கம்தான் ஓட்டுப் போடுவான்.

எண்ணுவதில் இன்னொரு கூத்து. பென்சில், குடை, பீர் பாட்டில் மாதிரி நீளமான சாமான்களுக்கு இப்பொன், நிஹோன், சன்போன். காகிதத்துக்கு வேறு. புத்தகத்துக்கு வேறு. நாய், பூனைக்கு வேறு. முயலைப் பறவைக் கணக்கில் சேர்ப்பதும் வழக்கம். தேதியில் நாலு 'யொக்கா', எட்டு 'யோகா'. நாலாம் தேதி அப்பாயின்ட்மென்ட்டுக்கு எட்டாம் தேதி போய் நிற்கிறவர்கள் எல்லா வருஷமும் உண்டு என்று சென்செய் சொன்னார்.

வகுப்பை விட்டு வெளியே வந்தால் தெருவில் வேறு பாஷை! புத்தகத்தில் இருப்பது டோக்கியோ ஜப்பானியம். 'வகரிமாசென்' என்றால் 'புரியவில்லை'. கியோட்டோ கடைக்காரம்மா சொல்வது 'வகராஹென்', அதாவது 'புரியலீங்க'. நன்றிக்கு அங்கே 'ஓகினி'. டோக்கியோவில் 'ஹஷி'யை ஏற்றி இறக்கினால் சாப்பிடும் குச்சி. கியோட்டோவில் அதே ராகத்துக்குப் பாலம். மரியாதைக்கு வினையின் வாலில் 'ஹரு' ஒட்டிப் பேசுவார்கள். பூனைக்குக்கூட! நம்ம கோயமுத்தூர்க்காரர் கன்றுக்குட்டியையும் 'வாங்க' என்கிற மாதிரி. புத்தகத் தமிழ் படித்துவிட்டு வந்து ஆட்டோக்காரரிடம் 'நான் மயிலாப்பூர் செல்ல விரும்புகிறேன்' என்று சொன்ன வெள்ளைக்காரரைப் பார்த்துச் சிரித்திருக்கிறோமே, அந்தப் பாவம் எல்லாம் கியோட்டோவில் தீரும்.

புலால் சாப்பிடாதவர்களுக்கு ஒரு இலவச இலக்கணக் குறிப்பு. 'நிகு வா தபேமாசென்' (இறைச்சி சாப்பிடுவதில்லை) என்று சொன்னால் தலையாட்டிவிட்டு மீன் வைப்பார்கள். மீனும் இல்லை என்றால் மீன் வடித்த 'தாஷி' ரசம் வரும். அங்கே கை கொடுப்பது 'மோ'. நம்ம 'உம்' விகுதியேதான். சகனா மோ (மீனும்), தாஷி மோ (தாஷியும்)... கடைசியில் ஒரு 'தபேமாசென்'. ஒரு 'உம்' விட்டுப்போனால் சாப்பாடு போச்சு.

இத்தனை தமாஷுக்கு நடுவில் எங்கள் வகுப்பில் ஒருத்தர் மட்டும் சிரிக்காமல் படித்துக்கொண்டிருந்தார். வியட்நாம்காரர். முப்பது வயது. முன்னால் மூன்று வருஷம் ஜப்பானில் ஒரு இரும்புப் பட்டறையில் பயிற்சித் தொழிலாளியாக இருந்தவர். ஊருக்குத் திரும்பி, டிகிரி முடித்து, விவசாய ஆராய்ச்சிக்கு மறுபடி வந்திருக்கிறார். மூன்று வருஷம் இருந்தவருக்கு அரிச்சுவடி வகுப்பில் என்ன வேலை என்று எங்களுக்குப் புரியவில்லை. காது நன்றாகக் கேட்கும். படபடவென்று பேசவும் வரும். படிக்க மட்டும் வராது என்று நினைத்தோம்.

ஒரு நாள் பயிற்சி. பக்கத்தில் இருப்பவரிடம் ஜன்னலைத் திறக்கச் சொல்ல வேண்டும். அவர் திரும்பி, "மாதோ அகேரோ!" என்றார். தமிழில் சொன்னால், 'டேய், ஜன்னலைத் திறடா!'

ரெண்டு பேர் சிரித்தார்கள். சென்செய் சிரிக்கவில்லை. "அதுவும் ஜப்பானியம்தான். உங்களிடம் யார் இப்படிப் பேசினார்கள்?" என்று கேட்டார்.

"எல்லாரும்" என்றார் அவர்.

மூன்று வருஷமும் அவர் காதில் விழுந்தது 'சீக்கிரம் செய்', 'வா', 'தொடாதே', 'முட்டாள்'. விழுந்ததைத்தானே நாக்கு திருப்பிக் கொடுக்கும்? அவருக்கு அதுதான் ஜப்பானிய மொழி. இப்போது மனைவியை அழைத்துவர வேண்டும். அதற்கு ரெண்டு ரூம் வீடு வேண்டும். வெளிநாட்டுக்காரன் என்றாலே யோசிக்கிற வீட்டுக்காரர்களிடம், இவர் போனில் 'ரூம் இருக்கா? காட்டு!' என்கிற தொனியில் பேச, எதிர் முனையில் டொக் என்று வைத்துவிடுகிறார்கள். ஏன் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

சென்செய் கரும்பலகையில் எழுதினார்: 'அகேதே குதசாய்'. திறங்களேன், தயவுசெய்து. அவர் அதை நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதினார்.

ஜப்பான் வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கிற தம்பிகள் இந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கவும். 2019 ஏப்ரலில் அவர்கள் கொண்டுவந்த 'குறிப்பிட்ட திறன்' விசாவுக்கு இந்தியாவோடும் 2021-ல் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. அதற்குக் கேட்கிற மொழித் தேர்ச்சி சுமார் என்-4. ஐந்து படியில் கீழிருந்து இரண்டாவது. சென்னையிலேயே பரீட்சை எழுதலாம். பட்டறைப் பயிற்சித் திட்டம் 1993-ல் வந்தது. அதை மாற்றி 2027-க்குள் வேறு முறை கொண்டுவர 2024-ல் சட்டம் போட்டுவிட்டார்கள். சட்டம் மாறட்டும், நல்லது. ஆனால் மேஸ்திரியின் வாயிலிருந்து மொழி கற்றுக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். புறப்படுமுன் இங்கேயே மூன்று வாக்கியமாவது நாக்கில் ஏறட்டும். 'மோ இச்சிதோ ஒனேகாய்ஷிமாஸ்': இன்னொரு தடவை சொல்லுங்கள். 'யுக்குரி ஒனேகாய்ஷிமாஸ்': மெதுவாகச் சொல்லுங்கள். 'வகரிமாசென்': புரியவில்லை. புரியாமல் 'ஹாய், ஹாய்' என்று தலையாட்டுவதுதான் மெஷின் பக்கத்தில் விரலுக்கு ஆபத்து.

ஜப்பானியர்களிடம் ஒரு பழக்கம். வெளிநாட்டுக்காரன் 'வணக்கம்' என்று வாயைத் திறந்தாலே 'ஜோஸு!' என்பார்கள். 'பிரமாதமாப் பேசறீங்களே!' என்று அர்த்தம். நடந்து பழகும் குழந்தைக்குக் கை தட்டுகிற மாதிரி. எங்கள் வகுப்பில் எல்லாரும் தினம் நாலு 'ஜோஸு'வாவது வாங்கி வந்து பெருமையடித்துக்கொள்வோம்.

ஜூலைக் கடைசியில் வியட்நாம்காரர் வகுப்புக்குள் கிட்டத்தட்ட ஓடி வந்தார். காலையில் ஒரு வீட்டுத் தரகர் ஆபீஸுக்குப் போன் செய்தாராம். பத்து நிமிஷம் பேசினாராம். சனிக்கிழமை வீடு பார்க்க வரச் சொல்லிவிட்டார்களாம்.

"அந்தம்மா ஒரு தடவைகூட ஜோஸு சொல்லலை" என்றார், முகமெல்லாம் பல்லாக.