ஈ வரும்வரை

மழை விட்ட மறுவாரம், சங்கரன்கோவிலுக்கு வெளியே பாறைக்காட்டில் செல்போனோடு குப்புறப் படுத்துக் கிடந்தார் ஓய்வுபெற்ற வாத்தியார். எதிரே சாண் உயரக் கள்ளிமுளையான். ஆடு மேய்த்த வயதில் பறித்துத் தின்ற அதே செடி!

கருஞ்சிவப்புப் பூவை முகர்ந்தால் அழுகல் வாடை. ஈக்களுக்கான அழைப்பு அது. மேக்ரோ லென்ஸில் ஈயின் கண் தெளிந்தால் கால் மங்கும். மூச்சு விட்டாலே படம் ஆடும். நாற்பதாவது படத்தில் சிக்கியது, ஈயின் வாய்க்குழலில் ஒட்டிய மகரந்தப் பொட்டலம். இந்தச் செடியில் மகரந்தம் தூளாக உதிராது; பொட்டலமாகத்தான் பயணம்.

மகளுக்கு அனுப்பினார். "எப்பா, ஒடம்பு எளைக்கிற மாத்திரை இதுலதான் செய்தாங்களாம்!" என்று பதில் வந்தது.

அடுத்த ஞாயிறு செடி இருந்த இடத்தில் குழிதான். முறிந்து கிடந்த ஒரு தண்டை, வீட்டுத் தொட்டியில் ஊன்ற எடுத்துக்கொண்டார்.