மணிக்கூடு நிற்காத ஓட்டம்

இல்ல விளையாட்டுப் போட்டியன்று ஒரு வீராங்கனையைப் பற்றி இரண்டு நிமிடம் பேசும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. ஓட்டத்தில் எப்போதும் கடைசியாக வரும் எனக்கு ஏன் தந்தார்களோ தெரியாது. தேடியபோதுதான் ஜஸ்மின் பாரிஸ் என்ற பெயர் கண்ணில் பட்டது.

இங்கிலாந்தின் ஈடேல் கிராமத்திலிருந்து பெனைன் மலைகள் வழியாக ஸ்கொட்லாந்தின் கேர்க் யெட்டம் வரை ஒரு நடைபாதை இருக்கிறது. 268 மைல், ஏறக்குறைய 431 கிலோமீற்றர். 'ஸ்பைன் ரேஸ்' போட்டியில் அதை ஜனவரிக் குளிரில் 7 நாட்களுக்குள் கடக்க வேண்டும். பாதையென்றால் தார் ரோட்டல்ல. சேறும் சதுப்பும் கற்பாறையும். பகல் வெளிச்சம் 8 மணித்தியாலம் அளவில்தான். மீதி நேரமெல்லாம் நெற்றியில் கட்டிய விளக்குத்தான் துணை. தூங்கலாம், சாப்பிடலாம், ஆனால் மணிக்கூடு நிற்காது. தூங்கிய நேரமும் ஓடிய நேரத்தோடு சேரும்.

2019இல் ஜஸ்மின் இதில் ஓடியபோது அவருடைய மகளுக்கு வயது 14 மாதம். பால்குடி மறக்கவில்லை. தரிப்பிடங்களில் மற்றவர்கள் சாப்பிட்டுக் கண்ணயர, இவர் அதற்கு மேலாகப் பாலையும் பம்ப் பண்ணி எடுக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் பால் கட்டிக் காய்ச்சல் வந்துவிடும். மொத்தமாக 3 மணித்தியாலம் அளவில்தான் தூங்கினார். தூக்கக் கலக்கத்தில் கற்பாறைகளெல்லாம் மிருகங்களாகத் தெரிந்தனவாம். 83 மணித்தியாலம் 12 நிமிடத்தில் முடித்தார். ஓடிய ஆண்கள் எல்லோரும் அவருக்குப் பின்னால்தான். பழைய சாதனை நேரத்திலிருந்து 12 மணித்தியாலம் குறைந்தது.

பேச்சை ராத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் மடியில் 8 மாதப் பிள்ளை. முடிவிடத்தில் மகள் காத்திருந்தாள் என்று வாசித்தபோது, "யாரு கையில?" என்று கேட்டார்.

"வாப்பாட கையில."

மச்சான் கட்டாரில் இருக்கிறார். ராத்தா வேறொன்றும் சொல்லவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. முந்திய வாரம்தான், "இந்த வருஷம் சோதினய உடுங்களே ராத்தா, புள்ள பெருத்த பொறகு எழுதலாம்" என்று சொல்லியிருந்தேன். வெளிவாரிப் பட்டத்தின் கடைசிப் பரீட்சை, இரண்டு வார இறுதிகளில். பிள்ளையின் நன்மைக்காகச் சொல்கிறேன் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். உம்மா வேலைக்குப் போனால் அந்த நான்கு நாளும் பிள்ளை என் பொறுப்பில் வந்துவிடும், என் படிப்புக் கெடும் என்பதே உண்மை. இதை எழுதவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

முதல் நாள் பஸ்ஸுக்குப் போகுமுன் ராத்தா பால் எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். போத்தலைப் பிள்ளை தட்டிவிட்டது. கரண்டியால் ஊட்டினேன்; பாதி என் சட்டையில். பத்து மணிக்கு அழுகை, பதினொரு மணிக்கும் அழுகை. நான் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை.

இரண்டு மணிக்குப் பிறகுதான் ராத்தா வந்தார். ஹபாயாவைக்கூடக் கழற்றாமல் பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

"ஒரு கேள்வி எழுதல்ல. நேரம் காணாமப் போச்சு."

"நாளைக்கு எத்தின மணிக்குப் போகணும்?" என்று கேட்டேன்.