இருபுறமும் ஒப்ப

தேவகோட்டை நகரச் சிவன் கோயிலை நாடோறும் வலம்வருதல் அடியேன் வழக்கம். நீரிழிவு கண்டபின், மழைநாளிலும் நடை தவறலாகாதென்று மருத்துவர் கூறியபடி, டிரெட்மில் என்னும் நடைப்பொறியொன்றை வீட்டுப் பட்டாசாலையில் அமைத்துக்கொண்டேன்.

ஒருநாள் நடக்குங்கால் காலடியில் அதன் வார் வழுக்கியது. கைப்பிடியைப் பற்றியிராவிடின் வீழ்ந்திருப்பேன். மோட்டார் ஓட, முன்னுருளையுஞ் சுழல, வார் மட்டும் தயங்கி நின்றது; ஆகவே தளர்ந்தது நடைவாரே எனத் தெளிந்தேன். மின்னிணைப்பைக் களைந்து, பின்னுருளையின் வலப்புறத் திருகை மட்டும் ஆலன் கீ கொண்டு இறுக்கினேன். மீண்டும் ஓட்டியபோது வார் இடப்புறம் ஒதுங்கி விளிம்பில் உராய்ந்தது. இறுக்கியதைத் தளர்த்திவிட்டு, இருபுறமும் காற்சுற்றுக் காற்சுற்றாக ஒப்ப இறுக்கினேன், வார் நடுநின்றது. மிக இறுக்கின் உருளையின் பேரிங்குகள் கெடுமாதலின், வழுக்கல் நீங்கியவளவில் நிறுத்தினேன்.

அப்பொழுது இருவினையொப்பு நினைவுக்கு வந்தது. நல்வினையும் தீவினையும் அளவால் ஒத்தலன்று அதன் பொருள். அவற்றின் பயன்களுள் ஒன்றில் விருப்பும் ஒன்றில் வெறுப்புமின்றி உயிரினறிவு ஒப்ப நிற்றலேயாம். ஆதலின் திருகுகளின் உவமை முழுதும் பொருந்தாது. ஒருபாற் சார்ந்தது நெறிவிலகும் என்னுமளவிற் பொருந்தும். நோயற்ற நாளை அருளென்று கொண்டாடி, நோயுற்ற நாளில் முறையிட்டு நின்றவன் அடியேன்.

மழை விட்டபின் கோயிலுக்குச் சென்றேன். பொறிமேல் எத்துணை நடப்பினும் நின்றவிடத்தே நிற்போம். ஈண்டோ வலம்வருதற்கு நடுவே ஒருவன் உளன். அன்று ஒன்றும் வேண்டாது வலம்வந்து மீண்டேன்.

திருச்சிற்றம்பலம்.