துணைத் தலைவர் யார் என்று கேளுங்கள்

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு விருதுநகர் மாவட்டத்தின் 450 ஊராட்சிகளிலும் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் முடிந்தது. தனி அலுவலர்களிடம் பொறுப்பு போனது. அடுத்த தேர்தல் அறிவிப்பு வரும் நாளில், எந்த ஊராட்சி எஸ்.சி. ஒதுக்கீட்டில் வருகிறது என்ற பட்டியலைத்தான் எல்லோரும் முதலில் தேடுவோம். தேடத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு பதவியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் பேசப்போகிறோம். அது துணைத் தலைவர் பதவி.

சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கத்துக் கிராமங்களில் சில ஆண்டுகளாக வேலை செய்கிறவர்கள் நாங்கள். காலையில் பட்டாசு ஆபீஸ் வேன் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போன பிறகு தெருவே காலியாகிவிடும். அதனால் எங்கள் கூட்டங்கள் எல்லாம் இரவு எட்டு மணிக்கு மேல்தான். அந்தக் கூட்டங்களில் கல்லூரிப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ரிசர்வ் ஊராட்சிதானே, நம்ம ஆள்தானே தலைவரு, அப்புறமும் ஏன் நம்ம தெருவுக்குத் தண்ணி வரல?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல, முதலில் நாற்காலியே கிடைக்காத காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

1993-இல் 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. அதன்படி மக்கள்தொகை விகிதத்தில் தலித்துகளுக்குத் தலைவர் பதவிகள் ஒதுக்கப்பட்டு, 1996-இல் முதல் தேர்தல் நடந்தது. அப்போது மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்ற மூன்று ஊர்களின் பெயர் நாடெங்கும் தெரிந்தது. நான்காவது ஊர் நம் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல். இதை நம் பிள்ளைகளில் பலர் இன்று கேள்விப்பட்டதுகூட இல்லை.

இந்த நான்கு ஊர்களிலும் பத்து ஆண்டுகள் முறையான தலைவர் கிடையாது. தேர்தல் அறிவிப்பார்கள்; யாரும் மனு போட மாட்டார்கள். போட்டால் மிரட்டலில் வாபஸ் ஆகும். ஆதிக்க சாதியினர் தாங்களே ஒருவரை நிறுத்தி ஜெயிக்கவைத்து, உடனே ராஜினாமா எழுதி வாங்கியதும் நடந்தது. சட்டம் "தேர்தல் நடத்து" என்றது, தேர்தலும் நடந்தது, ஆனால் நாற்காலி காலியாகவே இருந்தது. 2006 அக்டோபரில்தான் நான்கு ஊர்களிலும் தலைவர்கள் தேர்வாகிப் பதவியில் நீடித்தார்கள். அந்த நவம்பரில் சென்னையில் சமத்துவப் பெருவிழா எடுத்து அரசு அவர்களைப் பாராட்டியது. தேர்தலில் நின்று ஜெயித்தவரை, நின்று ஜெயித்ததற்காகவே ஒரு மாநிலம் விழா எடுத்துப் பாராட்ட வேண்டியிருந்தது என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மேலவளவில் விலை இன்னும் பெரியது. அங்கே மிரட்டலையும் மீறி நின்று தலைவரான முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நெல்லை மாவட்டம் தாழையூத்தில் தலைவராக இருந்த அருந்ததியர் பெண் கிருஷ்ணவேணி 2011 ஜூனில் வெட்டப்பட்டு உயிர் பிழைத்தார். இவர்கள் ஒதுக்கீட்டு நாற்காலியில் அமர்ந்ததோடு நிற்கவில்லை. அந்த நாற்காலியின் அதிகாரத்தைப் பயன்படுத்த முயன்றார்கள். தாக்குதல் எங்கே தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள்.

இப்போது மிரட்டலின் உருவம் மாறியிருக்கிறது. மனு போட விடுகிறார்கள், ஜெயிக்கவும் விடுகிறார்கள். அதன் பிறகு என்ன நடக்கிறது? 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவர் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் வெளியே வந்தது. அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவரைச் சுதந்திர தினத்தன்று கொடியேற்ற விடவில்லை. இரண்டு பேரும் தலித் பெண்கள். செய்தி பரவியதும் அதிகாரிகள் போனார்கள், வழக்குப் பதிந்தார்கள். நாற்காலியும் கொடியும் கேமராவுக்குத் தெரியும். அதனால் அவற்றுக்கு ஒரு தீர்வு வருகிறது. கேமராவுக்குத் தெரியாத இடம் காசோலை.

ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவர் அப்படி வருவதில்லை, வார்டு உறுப்பினர்களிலிருந்து மறைமுகத் தேர்தலில் வருகிறார். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு, துணைத் தலைவர் பதவிக்குக் கிடையாது. 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் மக்கள் வாக்களித்தார்கள். 2020 ஜனவரி 6 அன்று வென்றவர்கள் பதவி ஏற்றார்கள். ஜனவரி 11 அன்று துணைத் தலைவர் தேர்தல். மாலை போட்டு, வேட்டு வெடித்துக் கொண்டாடிவிட்டு நம் ஆட்கள் வேலைக்குத் திரும்பிய அந்த ஐந்து நாட்களில்தான் பல ஊர்களில் உண்மையான அதிகாரம் யாரிடம் என்பது முடிவானது.

நாங்கள் பார்த்த ஓர் ஊராட்சியைச் சொல்கிறோம், பெயர் வேண்டாம். தலைவர் தலித் பெண், பட்டாசு ஆபீஸில் வேலை பார்த்தவர். ஒன்பது வார்டில் இரண்டுதான் நம் தெருவுக்கு. துணைத் தலைவர் ஊரில் நிலமும் வட்டித் தொழிலும் உள்ள குடும்பம். அவர் அந்தத் தலைவரை ஒருநாளும் திட்டியதில்லை. "வாம்மா, உக்காரும்மா" என்று மரியாதையாகத்தான் பேசுவார். ஆனால் காலனிக்கு மோட்டார் மாற்றிய பில் மட்டும் மாதக்கணக்கில் கையெழுத்தாகாது. "பாத்துக்கிட்டு போடுறேன்" என்பார். மோட்டார் கடைக்காரர் பாக்கி கேட்டு வருவது தலைவர் வீட்டுக்கு. தண்ணீர் வராததற்குப் பெண்கள் குடத்தோடு வருவதும் தலைவர் வீட்டுக்குத்தான். அந்த அக்கா எங்களிடம் சொன்னார்: "எய்யா, வையிறதெல்லாம் என்னையத்தான் வையிறாக. பேனா அவரு பையில இருக்கு."

இதில் வன்கொடுமை வழக்குப் போட ஒரு சொல் கிடையாது. சாதி இங்கே ஒரு கையெழுத்தின் தாமதமாக வேலை செய்கிறது. ஐந்து ஆண்டு முடியும்போது "அவங்களுக்குக் குடுத்தா இப்படித்தான், ஒண்ணும் நடக்காது" என்று ஊரே சொல்லும். நம் தெருவும் சேர்ந்து சொல்லும். எங்களுக்கு அதிகம் வலிப்பது இதுதான்.

ஆகவே அடுத்த தேர்தலுக்குத் தயாராகும் தோழர்களிடம் நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான்: தலைவருக்கு வேலை செய்வதைப் போல வார்டுகளுக்கு வேலை செய்யுங்கள். கிராமத்து வாக்காளர் கையில் நான்கு சீட்டு தருகிறார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். பணமும் பேச்சும் இளஞ்சிவப்புச் சீட்டைச் சுற்றியே நடக்கும். வெள்ளைச் சீட்டை "யாரோ ஒருத்தர் நின்னா சரி" என்று விடுகிறோம். பல வார்டுகளில் போட்டியே இல்லாமல் ஆள் தேர்வாகிறார். அந்த வெள்ளைச் சீட்டுகள்தான் ஜனவரி 11-ஐத் தீர்மானித்தன.

ஒதுக்கீட்டு வார்டுகள் மட்டும் போதாது. இந்த மாவட்டத்தில் நாம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ஒன்பது வார்டில் இரண்டு என்பது அந்தக் கணக்குதான். மீதி ஏழு பொது வார்டுகள். பொது வார்டு என்றால் மற்ற சாதியினருக்கான வார்டு என்ற நினைப்பு அவர்களுக்கு மட்டுமில்லை, நமக்கும் ஊறிப்போயிருக்கிறது. பொது என்றால் எல்லோருக்கும். 2019-இல் வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 200 ரூபாய், நமக்கு 100 ரூபாய். கட்சிச் சின்னம் கிடையாது. 21 வயது முடிந்திருந்தால் நிற்கலாம். ஒரு வார்டில் சில நூறு வாக்குகள்தான். நாற்பது, ஐம்பது வாக்கில் முடிவு மாறும்.

அந்த ஐம்பது வாக்கு எங்கிருந்து வரும்? இதற்குப் பட்டாசு ஆபீஸைப் பாருங்கள். ஊருக்குள் தனித்தனித் தெருவில் இருப்பவர்கள் வேனுக்குள் முழங்கால் இடிக்க ஒன்றாக உட்கார்ந்து போகிறார்கள். ஒரே அறையில் மருந்து செலுத்துகிறார்கள், ஒரே போர்மேனிடம் ஏச்சு வாங்குகிறார்கள். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியிலும் 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் வெடித்தபோது தீ யாரிடமும் சாதி கேட்கவில்லை. ஆனால் வேன் திரும்பி வந்து ஊர் விலக்கில் நின்றதும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிடுகிறார்கள். வாக்கும் அப்படியே பிரிகிறது. குடிதண்ணீர், ரேஷன், நூறு நாள் வேலை, ஆலை விபத்து நிவாரணம் ஆகிய நான்கையும் வைத்து அந்த வேனில் வருகிற மற்ற சாதி ஏழைப் பெண்களிடம் பேச முடியும். எளிதாக நடக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. பல வீடுகளில் திண்ணையோடு திருப்பி அனுப்புவார்கள். இருந்தாலும் அந்த வாக்கு இல்லாமல் அந்தக் கையெழுத்து நமக்கு வராது.

நமக்குள்ளும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. 2009-இன் 3 சதவீத அருந்ததியர் உள் ஒதுக்கீடு கல்விக்கும் வேலைக்கும்தான், ஊராட்சித் தலைவர் பதவிக்கு இல்லை. ஒதுக்கீட்டு ஊராட்சியில் எந்தத் தலித் சாதி எண்ணிக்கையில் பெரிதோ அதுவே திரும்பத் திரும்ப நிற்கிறது. தூய்மைப் பணி பார்க்கும் குடும்பத்துப் பெண் மனு போட்டால், "அவுகளுக்கு எதுக்கு இது" என்கிற குரல் நம் தெருவிலிருந்தே வருகிறது. இந்தப் பிளவைத்தான் துணைத் தலைவர் ஆசைப்படுகிறவர் முதலில் பிடித்துக்கொள்வார். ஒரு வார்டு உறுப்பினரை இழுத்தால் அவருக்குப் போதும்.

கடைசியாக, நடைமுறை வேலைகள் சில. வாக்காளர் பட்டியல் திருத்தம் நடக்கும்போதே நம் தெருக்காரர்களின் பெயர் எந்த வார்டில் இருக்கிறது என்று பாருங்கள். வாக்குப்பதிவு நாள் விடுமுறைதான், ஆனால் குரோஸ் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு விடுமுறை என்றால் கூலி இல்லாத நாள். முன்பணம் வாங்கியவருக்கு ஆலையிலிருந்து வரும் சொல்லும் ஒரு கட்டளை. இதையெல்லாம் முன்கூட்டியே பேசித் துணைக்கு ஆள் போடுங்கள். ஜெயித்த மறுநாளிலிருந்து துணைத் தலைவர் தேர்தல் முடியும்வரை நம் வார்டு உறுப்பினர்களைத் தனியாக விடாதீர்கள். தலைவர் பெண்ணாக இருந்தால் கணக்குப் புத்தகத்தை அவரே வாசிக்கப் பக்கத்தில் உட்காருங்கள், அவருக்குப் பதிலாக வீட்டு ஆண்களோ நீங்களோ வாசித்துவிடாதீர்கள். பில் தேங்கினால் தேதி போட்டுத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள், வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தலைவரை ஆட்சியர் நீக்க வழிசெய்யும் 205-ஆவது பிரிவை அவர்கள் கையில் எடுக்கும்போது, வேலை யாரால் நின்றது என்பதற்கு அந்தக் காகிதம்தான் சாட்சி.

கொட்டகச்சியேந்தலில் நாற்காலிக்குப் பத்து ஆண்டு ஆனது. கையெழுத்துக்கு எத்தனை ஆண்டு ஆகும் என்பது, அடுத்த தேர்தலில் எத்தனை வெள்ளைச் சீட்டுக்கு நாம் ஆள் நிறுத்துகிறோம் என்பதில் இருக்கிறது. உங்கள் ஊரில் எத்தனை வார்டு, அதில் எத்தனை பொது என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள்.