வெப்பம் வெளியேறும் வழி: டீசல் எஞ்சினுக்கு மாற்றுப் பிஸ்டன் தேர்ந்தெடுத்தல்

திறன் கூட்டிக் கட்டப்படும் டீசல் எஞ்சினுக்கு மாற்றுப் பிஸ்டன் தேர்ந்தெடுக்கும்போது, அது எவ்வளவு அடி தாங்கும் என்ற கேள்விக்கு முன்பாக, எரியறையில் பிறக்கும் வெப்பத்தை அது எந்த வழியாக, எவ்வளவு விரைவாக வெளியேற்றும் என்ற கேள்வி கேட்கப்பட வேண்டும். டர்போவின் அழுத்தத்தையும் டீசலின் அளவையும் கூட்டுவது கணினியில் சில நிமிட வேலையாகிவிட்ட இக்காலத்தில், அந்தக் கூடுதல் ஆற்றலின் சுமை முழுவதும் முதலில் இறங்குவது பிஸ்டனின் தலையில்தான்.

இச்சுமை வண்டிக்கு வண்டி மாறுபடும் என்பதற்கு ஓர் ஊரைச் சான்றாகப் பார்க்கலாம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து மெங்லெம்பு வழியாகச் செல்லும் சாலையிலுள்ள லகாட், ஈயச் சுரங்கங்களோடும் ரப்பர்த் தோட்டங்களோடும் வளர்ந்த ஊர். கிந்தா பள்ளத்தாக்குச் சுரங்கங்களில் சரளையையும் சேற்றையும் இறைத்த பம்புகளுக்கு டீசல் எஞ்சின்கள் பயன்பட்டமையால், எஞ்சின் கட்டும் தொழில் இவ்வட்டாரத்துக்குப் புதியதன்று. 1985இல் ஈய விலை சரிந்து சுரங்கங்கள் மூடப்பட்ட பின், அவ்வேலை லோரிகளையும் பிக்கப் வண்டிகளையும் சார்ந்து நிற்கிறது. இங்குள்ள பிக்கப்புகளின் உழைப்பு இருவகைப்படும்: செம்பனைக் குலைகளையோ காய்கறிக் கூடைகளையோ சுமந்து ஓடுவது ஒன்று, நேர்ச்சாலைப் பந்தயத்தில் சில விநாடிகளுக்கு முழு வேகம் எடுப்பது மற்றொன்று. சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்குச் சுமையோடு ஏறும் வண்டி, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலுள்ள பிரிஞ்சாங்கை அடையும்வரை பிஸ்டனுக்கு நெடுநேரம் ஓய்வே தருவதில்லை. ஆகவே இவ்விரு வண்டிகளுக்கும் ஒரே பிஸ்டன் பொருந்தாது.

அலுமினியமும் ஏறக்குறைய 12 விழுக்காடு சிலிக்கானும் கலந்த பிஸ்டன் உலோகம் 577 பாகை செல்சியஸை ஒட்டி உருகத் தொடங்குகிறது என்றாலும், 300 பாகையைத் தாண்டும்போதே அதன் வலிமை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. டீசல் பிஸ்டனின் தலையில் குடையப்பட்டுள்ள கிண்ணமே எரியறையாக அமைவதால், அக்கிண்ணத்தின் விளிம்புதான் மிகுந்த வெப்பத்தை ஏற்று, விரிந்தும் சுருங்கியும் களைத்து, முதலில் விரிசல் காண்கிறது. வெப்பத்தால் வரும் இத்தகைய கேடுகளைத் தடுக்கவே தற்கால டீசல் பிஸ்டன்களில் பெரும்பாலும் இரு ஏற்பாடுகள் உள்ளன. ஒன்று, தலைக்குள் சுற்றிச் செல்லும் எண்ணெய்க் கால்வாய்: வார்க்கும்போது உப்பால் செய்த வளையத்தை உள்ளே வைத்து, பின்னர் அவ்வுப்பை நீரில் கரைத்து இது உண்டாக்கப்படுகிறது, கீழிருந்து பீய்ச்சப்படும் எஞ்சின் எண்ணெய் இதனுள் புகுந்து வெப்பத்தை அள்ளிச் செல்கிறது. மற்றொன்று, முதல் ரிங் அமரும் பள்ளத்தில் வார்த்துப் பதிக்கப்பட்ட நிக்கல் கலந்த வார்ப்பிரும்பு வளையம். இது அலுமினியப் பள்ளம் அகன்றுவிடாமல் காக்கிறது.

ஃபோர்ஜ்டு பிஸ்டன், அதாவது உலோகத்தை அச்சில் அழுத்தி அடித்து உருவாக்கிய பிஸ்டன், வார்ப்புப் பிஸ்டனைவிட எப்போதும் மேலானது என்னும் நம்பிக்கை இந்த இடத்தில்தான் தடுமாறுகிறது. அடித்து உருவாக்கிய பிஸ்டன் எளிதில் உடையாது என்பது உண்மையே. ஆனால் உப்பைக் கரைத்து உண்டாக்கும் கால்வாய்க்கு அம்முறையில் இடமில்லை, இரும்பு வளையமும் பெரும்பாலும் இருப்பதில்லை. மேலும் ஃபோர்ஜ்டு பிஸ்டன்களுக்குப் பயன்படும் 2618 என்னும் அலுமினியக் கலவையில் சிலிக்கான் மிகக் குறைவு என்பதால், 96 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் 100 பாகை சூடேறும்போது ஏறக்குறைய 0.21 மில்லிமீட்டர் விரிகிறது; 12 விழுக்காடு சிலிக்கான் உள்ள 4032 கலவை 0.19 மில்லிமீட்டரும், வார்ப்பிரும்பு சிலிண்டர் 0.10 மில்லிமீட்டரும் விரிகின்றன. எனவே 2618 பிஸ்டனுக்குச் சுவரிடைவெளி, அதாவது பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலுள்ள வெளி, அதிகம் வேண்டும். அதனால் குளிர்ந்த எஞ்சின் தட்டும் ஓசை எழுப்பும், ரிங்குகளும் விரைவில் தேயும். பந்தய வண்டிக்கு இது ஏற்கத்தக்க விலை. மலையேறும் சுமை வண்டிக்கோ, கால்வாயும் இரும்பு வளையமும் உள்ள நல்ல வார்ப்புப் பிஸ்டனே தக்கது.

அழுத்த விகிதத்தைக் குறைப்பது அடுத்த முடிவு. 2,982 சிசி கொள்ளளவுள்ள டொயோட்டா 1கேடி எஞ்சினின் பரவலான வடிவில் இவ்விகிதம் 17.9, ஒரு சிலிண்டரின் வீச்சு 745.5 சிசி ஆகையால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே எஞ்சும் இடம் ஏறக்குறைய 44 சிசி. விகிதத்தை 16ஆகக் குறைக்க அவ்விடம் 49.7 சிசி ஆக வேண்டும்; ஒரு தேக்கரண்டியைவிடச் சற்றே கூடுதலான இந்த வேறுபாடுதான் எரியறையின் உச்ச அழுத்தத்தை மாற்றுகிறது. ஆனால் கிண்ணத்தைக் கண்டபடி குடைந்து இவ்விடத்தைப் பெற்றால், இன்ஜெக்டரின் தெளிப்புக் கோணம் கிண்ணத்தோடு பொருந்தாமல், டீசல் சுவரில் படிந்து, கரும்புகையும் எஞ்சின் எண்ணெயில் டீசல் கலப்பும் உண்டாகும்.

பிஸ்டன் கைக்கு வந்து அளக்கப்பட்ட பின்னரே சிலிண்டரை ரீபோர் செய்து அகலப்படுத்த வேண்டும், பெட்டியில் மிகையளவு 0.50 என்று அச்சிட்டிருப்பதை நம்பிப் பிளாக்கை முன்கூட்டியே குடைவது தவறு. பிஸ்டன் சற்று நீள்வட்டமாகவும் தலைப்பக்கம் குறுகியும் கடையப்பட்டிருப்பதால், அதைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின்னுக்குக் குறுக்காக, தயாரிப்பாளர் குறித்த உயரத்தில் அளக்க வேண்டும். அளவீட்டுக்கான உலகப் பொது வெப்பநிலை 20 பாகை. லகாட்டின் நண்பகல் வெப்பம் 33 பாகையைத் தொடும்போது, அதே பிஸ்டன் மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்குக்கு மேல் பெருத்திருக்கும். சுவரிடைவெளியே நூறில் சில பங்குகளாக இருக்கையில், குளிர்சாதன அறையிலிருந்து எடுத்த பிஸ்டனையும் வெயிலில் நின்ற பிளாக்கையும் உடனுக்குடன் அளந்து ஒப்பிடுவதில் பொருளில்லை; இரண்டும் ஓரிரவு ஒரே அறையில் கிடக்க வேண்டும். பொருத்திய பின், பிஸ்டன் உச்சியில் பிளாக்குக்கு மேல் எவ்வளவு நீண்டுள்ளது என்பதை டயல் கேஜால் அளந்து, அதற்கேற்ற தடிமனில் கேஸ்கெட் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இத்தனை கவனத்துக்கும் தொடக்கம் வண்டிக்காரரிடம் கேட்கும் ஒரு கேள்வி: இந்த வண்டி நாள்தோறும் என்ன வேலை செய்யப்போகிறது? போர்மேன் என்று மலேசியத் தமிழர் அழைக்கும் பட்டறைத் தொழிலாளியின் கடமை, விலையுயர்ந்த பிஸ்டனை விற்பதைவிட, அக்கேள்விக்கு உண்மையான பதிலைப் பெறுவதே ஆகும். பிஸ்டனின் கலவை, இடைவெளி, அழுத்த விகிதம் ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கணினியை மாற்றியமைப்பவரிடம் கொடுத்து, புகைபோக்கி வெப்பத்துக்கு ஓர் எல்லையும் வகுத்துவிட வேண்டும். ஏனெனில் டீசலின் அளவு பிஸ்டனுக்கு அடங்கி நடக்கும் எஞ்சினே நெடுநாள் உழைக்கும்.